வந்தானா, வந்தானாமா? மொழியும் தத்துவமும் நம் யோசனைக்குள் செய்யும் வேலை

“மொழிதான் சிந்தனை” என்பார் ஒருவர். “சிந்தனைக்கு மொழியே தேவையில்லை” என்பார் இன்னொருவர். இரண்டுக்கும் ஒரே அரங்கில் ஒரே அளவு கைதட்டல் விழுந்ததைப் பார்த்திருக்கிறேன். தத்துவத்தின் பாடு இதைவிட மோசம். பேச்சுவழக்கில் தத்துவம் என்றால் பூப்படத்தின் மேல் எழுதிய ஒற்றை வரி. யாராவது கொஞ்சம் நீட்டிப் பேசினால் “தத்துவம் பேசாதே” என்று வாயை அடைக்கவும் அதே சொல் உதவுகிறது.

மொழியும் தத்துவமும் நம் யோசனைக்குள் உண்மையில் என்ன செய்கின்றன என்று பார்க்கப் பெரிய நூல்களைப் புரட்ட வேண்டியதில்லை. நாம் தினமும் பேசும் ஒரு சின்ன விகுதியிலிருந்தே தொடங்கலாம்.

## ஒரு சின்ன ‘ஆம்’

“அவன் வேலையை விட்டுவிட்டான்.”

“அவன் வேலையை விட்டுவிட்டானாம்.”

செய்தி ஒன்றுதான். ஆனால் நாளைக்கு அது பொய் என்று தெரிந்தால், முதல் வாக்கியத்தைச் சொன்னவர் மாட்டிக்கொள்வார். இரண்டாவதைச் சொன்னவர் தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விடுவார்: “நான் பார்த்தேன் என்றா சொன்னேன்? கேள்விப்பட்டதைச் சொன்னேன்.” வினைச்சொல்லின் வாலில் ஒட்டிய ஒரு ‘ஆம்’ இவ்வளவு வேலையைச் செய்கிறது.

ஒரு செய்தி பேசுகிறவருக்கு எந்த வழியில் கிடைத்தது என்பதைக் காட்டும் இத்தகைய இலக்கண உறுப்பைச் சான்றுக்குறி என்று அழைப்போம். தமிழில் அதைப் போடுவதும் விடுவதும் நம் விருப்பம். துருக்கி மொழியில் அவ்வளவு சுதந்திரம் இல்லை. நேரில் அறிந்ததா, கேட்டோ ஊகித்தோ அறிந்ததா என்பதைப் பொறுத்து இறந்தகால விகுதியே மாறும். அமேசான் பகுதியில் பேசப்படும் டுயூக்கா மொழி இன்னும் கறார். கண்ணால் கண்டது, வேறு புலனால் உணர்ந்தது, தடயத்தை வைத்து ஊகித்தது, பிறர் சொல்லக் கேட்டது, பொதுவாக இப்படித்தான் இருக்கும் என்று கொண்டது என ஐந்து வகை விகுதிகள் அங்கே உண்டு.

மொழியியலாளர் ரோமன் யாக்கப்சன் 1959இல் இதை அழகாகப் பிடித்தார். எதைச் சொல்ல முடியும் என்பதில் மொழிகள் பெரிதாக வேறுபடுவதில்லை, எதைச் சொல்லியே ஆகவேண்டும் என்பதில்தான் வேறுபடுகின்றன என்பது அவர் கருத்து. ‘வந்தான்’ என்று தமிழில் சொன்ன உடனே வந்தது ஆண் என்பது வெளிப்பட்டுவிடுகிறது. மறைக்க விரும்பினால் மரியாதைக்குத் தாவி ‘வந்தார்’ என்றுதான் சொல்ல வேண்டும்.

அப்படியானால் டுயூக்கா பேசுகிறவர்கள் நம்மைவிட உண்மை விளம்பிகளா? அப்படிச் சொல்ல இடமில்லை. ‘இது உனக்கு எப்படித் தெரியும்?’ என்ற கேள்வியை விகுதி நினைவூட்டும். பதிலைச் சரிபார்த்துத் தராது. வாக்கியத்துக்கு வாக்கியம் ‘ஆம்’ போட்டுக்கொண்டே வதந்தி பரப்புகிறவர்களை நமக்குத் தெரியாதா என்ன?

## சிறை என்ற கதை

மொழி நம் சிந்தனையைச் சிறை வைத்திருக்கிறது என்ற எண்ணம் பெரும்பாலும் இரண்டு பெயர்களோடு சேர்த்துப் பேசப்படுகிறது: மொழியியலாளர் எட்வர்ட் சபீர், அவரிடம் படித்த பெஞ்சமின் லீ வோர்ஃப். வோர்ஃபின் பிழைப்பு மொழியியல் அல்ல. தீக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் தீத்தடுப்புப் பொறியாளராக இருந்தவர். தீ விபத்துகளை ஆராயும்போது ஒன்றைக் கவனித்தார். பெட்ரோல் நிரம்பிய பீப்பாய்களுக்கு அருகில் எச்சரிக்கையாக இருப்பவர்கள், ‘காலி’ப் பீப்பாய்களுக்கு அருகில் அலட்சியமாகப் புகைபிடித்தார்கள். ஆனால் காலிப் பீப்பாயில்தான் ஆபத்து அதிகம். உள்ளே வெடிக்கக் கூடிய ஆவி நிறைந்திருக்கும். ‘காலி’ என்ற சொல் அவர்களை ஏமாற்றிவிட்டது என்றார் வோர்ஃப்.

நல்ல கதைதான். ஆனால் ஆவி கண்ணுக்கும் தெரியாதே! ஏமாற்றியது சொல்லா, கண்ணா? ‘மொழி இப்படிச் செய்கிறது’ என்று யார் சொன்னாலும் இந்தக் கேள்வியைக் கைவசம் வைத்திருப்பது நல்லது.

இன்னொரு கதை பனியைப் பற்றியது. எஸ்கிமோக்களுக்குப் பனிக்கு ஐம்பது சொல், நூறு சொல், நானூறு சொல் என்று கேட்டிருப்பீர்கள். மானுடவியலாளர் ஃபிரான்ஸ் போவாஸ் 1911இல் எடுத்துக்காட்டாகத் தந்த வேர்ச்சொற்கள் நான்கே நான்கு. கை மாறக் கை மாற எண்ணிக்கை ஊதிப் பெருத்தது. அந்த மொழிகளில் ஒரு வேரோடு பல ஒட்டுகளைச் சேர்த்து ஒரு வாக்கிய அளவுக்கு நீளும் சொல்லை உருவாக்கலாம் என்பதால், சொற்களை எண்ணுவதே அங்கே அர்த்தமில்லாத வேலை. நம் ‘வந்துகொண்டிருந்தவர்களிடமிருந்தும்’ ஒரு சொல்லா, பல சொல்லா என்று கேட்பதைப் போன்றது அது.

கதைகள் போகட்டும். சோதனைகள் என்ன சொல்கின்றன? ரஷ்ய மொழியில் வெளிர்நீலத்துக்கும் கருநீலத்துக்கும் தனித்தனி அடிப்படைச் சொற்கள் உண்டு, நமக்குச் சிவப்பும் இளஞ்சிவப்பும் இருப்பதைப் போல அல்ல, சிவப்பும் மஞ்சளும் இருப்பதைப் போல. 2007இல் வெளியான ஓர் ஆய்வில், இரண்டு நீலங்களும் அந்தச் சொல் எல்லையின் இருபுறமும் விழுந்தபோது ரஷ்ய மொழியினர் அவற்றை ஒரு கணம் வேகமாகப் பிரித்தறிந்தார்கள். ஆங்கிலம் பேசுகிறவர்களிடம் அந்த வேகம் தென்படவில்லை. சுவையான பகுதி இனிமேல்தான். ஓர் எண் வரிசையை மனதுக்குள் சொல்லிக்கொண்டே வண்ணங்களைப் பார்க்கச் சொன்னபோது, ரஷ்ய மொழியினரின் சாதகமும் மறைந்துவிட்டது. ஆகக் கண் மாறியிருக்கவில்லை. பார்க்கும் வேலையில் மொழி கூடவே கைகொடுத்துக்கொண்டிருந்தது, அதன் கையில் வேறு வேலையைத் திணித்ததும் உதவி நின்றுவிட்டது.

பிரேசிலின் பிரஹா மக்களின் மொழியில் துல்லியமான எண்ணுப்பெயர்கள் இல்லை. எதிரே வைத்த பொருள்களுக்கு ஈடாக அதே எண்ணிக்கையில் பொருள்களை வரிசைப்படுத்தச் சொன்னால், 2008இல் வெளியான ஆய்வில், அவர்கள் நன்றாகவே செய்தார்கள். பொருள்களை மறைத்துவிட்டு நினைவிலிருந்து செய்யச் சொன்னபோதுதான் பிழைகள் பெருகின. ‘சமமான எண்ணிக்கை’ என்ற கருத்து அவர்களுக்கு இல்லாமல் இல்லை. ‘ஏழு’ என்ற சொல், அந்த எண்ணிக்கையை முடிச்சுப் போட்டு இன்னொரு நேரத்துக்கும் இடத்துக்கும் எடுத்துப்போக உதவுகிற கயிறு. அந்தக் கயிறுதான் அவர்களிடம் இல்லை.

மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். பக்கவாதத்தால் மொழித்திறனைப் பெருமளவு இழந்த சிலர் கணக்குப் போடுகிறார்கள், சதுரங்கம் ஆடுகிறார்கள். பேச்சு வராத குழந்தை, மறைத்துவைத்த பொம்மையைத் தேடி எடுக்கிறது.

இதுவரை பார்த்ததில் பிடித்துக்கொள்ள வேண்டியது இது: மொழி இல்லாமலும் யோசிக்க முடியும். ஆனால் யோசித்ததைப் பிடித்துவைக்கவும், நகர்த்தவும், இன்னொருவர் முன் வைக்கவும் மொழி ஒரு கருவி. கருவி கையைக் கொஞ்சம் பழக்குகிறது, கட்டிப்போடுவதில்லை.

## புகையைப் பார்த்து நெருப்பு என்பது

கருவியைச் சோதித்துப் பார்க்கிற பழக்கத்துக்குத்தான் தத்துவம் என்று பெயர். இது என் வரையறை, பேராசிரியர்கள் முகம் சுளிக்கலாம். பழக்கமாக எடுத்துக்கொண்டால் அதில் மூன்று கேள்விகள் முக்கியம்: இந்தச் சொல்லால் எதைக் குறிக்கிறாய்? அது உனக்கு எப்படித் தெரியும்? அது உண்மை என்றால் அடுத்து என்ன வரும்?

இரண்டாவது கேள்வி நம் ‘ஆம்’ எழுப்பிய அதே கேள்வி. பழைய தமிழ்த் தருக்கத்தில் அதற்கு முறையான ஒரு பெயர் உண்டு: அளவை. அறிவு சரியாக வந்து சேரும் வழி என்று பொருள். எத்தனை அளவைகள் என்பதில் ஒவ்வொரு தத்துவப் பள்ளியும் ஒரு கணக்கு வைத்திருந்தது. அடிக்கடி பேசப்படுபவை மூன்று: காண்டல், கருதல், உரை. நேரில் அறிவது, ஊகித்து அறிவது, நம்பத்தக்கவர் சொல்லக் கேட்டு அறிவது.

கருதலுக்கு நியாயத் தத்துவம், அதாவது தருக்கத்தை மையமாகக் கொண்ட நியாயம் என்ற பழைய இந்தியத் தத்துவப் பள்ளி, தரும் எடுத்துக்காட்டு எல்லோரும் அறிந்தது. மலையில் நெருப்பு இருக்கிறது. ஏனென்றால் புகை தெரிகிறது. எங்கே புகை உண்டோ அங்கே நெருப்பு உண்டு, சமையலறையைப் போல. இந்த மலையிலும் அத்தகைய புகை இருக்கிறது. ஆகவே நெருப்பு இருக்கிறது. இப்படி ஐந்து படிகள்.

இதற்கு இரண்டே படி போதாதா என்று நானும் நினைத்தேன். புகை, ஆகவே நெருப்பு, முடிந்தது. ‘சமையலறையைப் போல’ எதற்கு? பிறகுதான் புரிந்தது, அந்த ஐந்தும் தனியாக யோசிக்கிறவனுக்காக அமைந்த படிகள் அல்ல. இன்னொருவரை ஒப்பவைக்க வேண்டிய இடத்துக்காக அமைந்தவை. நியாய நூல் எடுத்துக்காட்டுக்குத் தரும் இலக்கணமே, பாமரரும் ஆராய்ச்சியாளரும் ஒத்துக்கொள்கிற பொருள் என்பதுதான். கேட்கிறவருக்கும் தெரிந்த ஓரிடத்தைத் தொட்டுவிட்டுத்தான் முடிவுக்குப் போக முடியும். கேட்கிறவருக்கு வாதத்தின் உள்ளேயே ஒரு நாற்காலி போட்டிருக்கிறார்கள்.

வாதம் எங்கே உடையும் என்பதும் இதிலேயே தெரிகிறது. தொலைவில் தெரிவது புகையா, மூடுபனியா? அங்கே தடுக்கினால் மிச்சப் படிகள் எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும் பயன் இல்லை. விமர்சனச் சிந்தனை என்ற பெரிய பெயரில் கற்றுத்தரப்படுவதில் பாதி, இந்தப் புகையா பனியா விசாரணைதான். எதையும் சந்தேகப்படுவதோ, எல்லாவற்றிலும் குற்றம் காண்பதோ அல்ல. எந்தப் படி எந்தப் படியைத் தாங்குகிறது என்று தட்டிப் பார்ப்பது.

## நான்கு அட்டைகள்

இப்போது ஒரு புதிர். மேசையில் நான்கு அட்டைகள். ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் எழுத்து, மறுபக்கம் எண். உங்களுக்குத் தெரிகிற பக்கங்கள் இவை: அ, க, 4, 7. விதி ஒன்று சொல்கிறேன்: “ஒரு பக்கம் உயிரெழுத்து இருந்தால் மறுபக்கம் இரட்டைப்படை எண் இருக்கும்.” இந்த விதி உண்மையா என்று அறிய எந்தெந்த அட்டைகளைக் கட்டாயம் திருப்ப வேண்டும்?

கொஞ்சம் நின்று யோசியுங்கள்.

பெரும்பாலோர் ‘அ’வையும் 4ஐயும் சொல்வார்கள். சரியான விடை ‘அ’வும் 7ும். 7இன் பின்னால் உயிரெழுத்து இருந்தால் விதி உடைந்துவிடும். 4இன் பின்னால் எது இருந்தாலும் விதிக்குச் சேதமில்லை, ஏனென்றால் மெய்யெழுத்தோ உயிர்மெய்யோ வந்தால் எந்த எண் இருக்க வேண்டும் என்று விதி எதுவும் சொல்லவில்லை.

உளவியலாளர் பீட்டர் வேசன் 1966இல் அறிமுகப்படுத்திய இந்தச் சோதனையின் வடிவத்தை நம் எழுத்துக்கு மாற்றியிருக்கிறேன். தனியாக முயல்கிறவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவர்தான் சரியாகச் சொல்கிறார். ஆனால் விதியை “மது அருந்துகிறவர் உரிய வயதை எட்டியிருக்க வேண்டும்” என்று மாற்றி, ‘மது, குளிர்பானம், வயது வந்தவர், வயது வராதவர்’ என்று நான்கு அட்டைகளை வைத்தால் பெரும்பாலோர் தடுமாறாமல் சொல்லிவிடுகிறார்கள்: குடிப்பவரின் வயதைப் பார், வயது வராதவரின் கோப்பையைப் பார். தருக்கத்தின் எலும்புக்கூடு இரண்டிலும் ஒன்றுதான். மேலே போர்த்திய சொற்கள்தான் வேறு. ‘நான் தருக்கபூர்வமாக யோசிக்கிறவன்’ என்று சொல்லிக்கொள்ளும் எவரையும் கொஞ்சம் அடங்கவைக்கும் செய்தி இது. என்னையும் சேர்த்துத்தான், முதல்முறை நானும் 4ஐத்தான் திருப்பினேன்.

1998இல் வெளியான ஓர் ஆய்வில் இதே எழுத்து, எண் புதிரை ஐந்தாறு பேர் கொண்ட மாணவர் குழுக்களிடம் கொடுத்துப் பேசி முடிவெடுக்கச் சொன்னார்கள். தனியாக முயன்றவர்களில் சரியாகச் சொன்னவர்கள் பத்து விழுக்காட்டை எட்டவில்லை. குழுக்களிலோ நான்கில் மூன்று பங்கு சரியான விடைக்கு வந்தன. கூட்டம் சேர்ந்ததும் மூளை பெரிதாகிவிடவில்லை. ‘4ஐத் திருப்பு’ என்று ஒருவர் சொன்னதும் ‘ஏன்?’ என்று இன்னொருவர் கேட்கிறார். காரணத்தை வாய்விட்டுச் சொல்ல முயலும்போதுதான் அதில் ஓட்டை இருப்பது சொல்கிறவருக்கே தெரிகிறது.

இதை வைத்துக்கொண்டு ‘குழு எப்போதும் வெல்லும்’ என்று புறப்பட்டுவிடக் கூடாது. இந்தப் புதிருக்குக் காட்டி நிறுவக்கூடிய ஒரே சரியான விடை இருக்கிறது, அதனால் நல்ல காரணம் ஜெயித்தது. அப்படி விடை இல்லாத விஷயங்களில் உரத்த குரல் ஜெயிக்கவும் கூடும்.

## விதண்டாவாதம் வசவாவதற்கு முன்

உரத்த குரலைப் பற்றி நியாயத் தத்துவத்துக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. அது விவாதத்தை மூன்றாகப் பிரித்தது. உண்மையைக் கண்டறிய இருவரும் சேர்ந்து நடத்துவது வாதம். வெற்றிக்காக, குறுக்குவழிகளையும் பயன்படுத்தி நடத்துவது ஜல்பம். தன் தரப்பு என்று எதையும் முன்வைக்காமல் எதிராளி சொல்வதை உடைப்பதை மட்டுமே செய்வது விதண்டை.

இன்றைக்கு விதண்டாவாதம் என்றால் வீம்புக்குப் பேசுவது. ஒரு கலைச்சொல் வசவாக மாறியதில் கூர்மை போய்விட்டது. ‘இவர் தன் நிலைப்பாட்டைச் சொல்லவே இல்லை’ என்று துல்லியமாகக் குறிக்கும் சொல்லாக அது இருந்தது. அதை மீட்டெடுத்தால் பாதிச் சண்டைகளில் என்ன நடக்கிறது என்று பெயர் சொல்லிக் காட்ட முடியும்.

வாதத்துக்கு ஒரு நிபந்தனையும் இருந்தது: மறுக்கும் முன் எதிர்த்தரப்பை எடுத்துச் சொல்ல வேண்டும். அதற்குப் பூர்வபட்சம் என்று பெயர். சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியார் பரபக்கம், சுபக்கம் என்று இரண்டாகப் பிரிந்திருக்கிறது. பிறர் கொள்கைகளை எடுத்துச் சொல்லி மறுப்பதற்கே ஒரு முழுப்பகுதி, தன் கொள்கைக்கு அடுத்த பகுதி. அந்த மறுப்புகளை ஏற்பதும் ஏற்காததும் வேறு விஷயம். எதிராளி சொன்னதைச் சொல்லிவிட்டுத்தான் பேச வேண்டும் என்ற வரிசைமுறை எனக்குப் பிடித்திருக்கிறது.

சுருக்கமாக: சேர்ந்து யோசிப்பது பலிக்க வேண்டுமானால் காரணங்கள் வாய்விட்டுப் பேசப்பட வேண்டும், ஒவ்வொருவரும் தன் தரப்பைச் சொல்ல வேண்டும், மற்றவர் தரப்பைத் திரிக்காமல் சொல்லத் தெரிய வேண்டும்.

## ஒரே எண், இரண்டு அளவு

இவ்வளவும் இருந்தும் கூட்டு வேலை கவிழ்வது உண்டு. நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் விண்கலம் 1999 செப்டம்பர் 23 அன்று செவ்வாயை நெருங்கியபோது தொலைந்துபோனது. உந்துவிசை பற்றிய எண்களை ஒரு தரப்பின் மென்பொருள் பவுண்டு அலகில் கொடுத்தது. வாங்கிய தரப்பு அவற்றை நியூட்டன் அலகு என்று எடுத்துக்கொண்டது. இரண்டுக்கும் இடையே சுமார் 4.45 மடங்கு வித்தியாசம். எண்கள் சரியாகவே கைமாறின, பொருள் மட்டும் வழியில் மாறிவிட்டது.

அலகுகளையாவது சரிபார்த்துவிடலாம். ‘தரம்’, ‘நியாயம்’, ‘விரைவில்’ போன்ற சொற்களுக்கு அலகே கிடையாது. எல்லோரும் தலையாட்டுவார்கள், ஒவ்வொருவர் தலைக்குள்ளும் வேறொரு பொருள் ஆடிக்கொண்டிருக்கும். முதல் தத்துவக் கேள்வியான ‘இந்தச் சொல்லால் எதைக் குறிக்கிறாய்?’ குறும்புக் கேள்வியாகத் தோன்றுவது அதற்குப் பதில் தேவைப்படும்வரைதான்.

இந்த இடத்தில் தமிழ் ஒரு வசதி செய்து தந்திருக்கிறது. கேட்கிறவரையும் சேர்த்தால் ‘நாம்’, விட்டுவிட்டால் ‘நாங்கள்’. “நாங்கள் தவறு செய்துவிட்டோம்” என்பது பொறுப்பேற்பு. “நாம் தவறு செய்துவிட்டோம்” என்றால் கேட்டுக்கொண்டிருப்பவர் தலையிலும் ஒரு பங்கு ஏறிவிட்டது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்தான், யாரைச் சேர்த்தார், யாரை விட்டார் என்று சூழலை வைத்து ஊகிக்க வேண்டும். தமிழில் ஊகிக்கத் தேவையில்லை. கூட்டங்களில் ‘நாங்கள்’ எப்போது ‘நாம்’ ஆகிறது என்று கவனித்துப் பாருங்கள், பெரும்பாலும் ஏதோ தவறிப்போன பிறகுதான்.

## கற்றுக்கொண்டோம் என்ற மயக்கம்

குழந்தை தனியாக விளையாடும்போது தனக்குத்தானே பேசும்: “இது இங்க வைக்கணும்… இல்ல, இது பெருசு.” ரஷ்ய உளவியலாளர் லெவ் வைகாட்ஸ்கி, வேலை கடினமாகும்போது இந்தப் பேச்சு கூடுவதைக் கவனித்தார். பிறரோடு பேசிப் பழகிய பேச்சைக் குழந்தை தன்னை வழிநடத்தத் திருப்பிக்கொள்கிறது, வளர வளர அந்தப் பேச்சு சத்தமில்லாமல் உள்ளே போய்விடுகிறது என்பது அவர் விளக்கம். அப்படி உள்ளே போனதற்கு உட்பேச்சு என்று பெயர். அவர் சொன்னது சரி என்றால், நாம் ‘தனியாக’ யோசிக்கும்போதும் ஒரு பழைய உரையாடலின் பாணியில்தான் யோசிக்கிறோம்.

ஆனால் சொல் உள்ளே போனதாலேயே பொருளும் போய்விட்டது என்று நினைப்பதில்தான் கற்றலின் பெரிய மயக்கம் இருக்கிறது. இயற்பியலில் ‘வேலை’ என்றால் விசை, அந்த விசையின் திசையில் நகர்ந்த தொலைவு இரண்டின் பெருக்கம். ஒரு மணி நேரம் வியர்க்க வியர்க்கச் சுவரைத் தள்ளியும் சுவர் அசையவில்லை என்றால் சுவரின் மேல் செய்த வேலை சுழி. வரையறையை ஒப்பிக்கும் மாணவரிடம் இந்தச் சுவரைக் காட்டினால், “அவ்வளவு தள்ளியிருக்கிறோமே, கொஞ்சமாவது வேலை இருக்காதா?” என்பார். அவருக்குள் அன்றாட ‘வேலை’யும் இயற்பியல் ‘வேலை’யும் ஒரே அறையில் முட்டிக்கொண்டு குடியிருக்கின்றன. சொல் பழக்கமானது என்பதே இங்கே இடையூறு. தெரியாத சொல்லாக இருந்திருந்தால் அர்த்தம் கேட்டிருப்பார்.

2002இல் வெளியான ஓர் ஆய்வில், ஜிப், கழிப்பறைத் தொட்டி போன்ற அன்றாடப் பொருள்கள் எப்படி இயங்குகின்றன என்பது எவ்வளவு புரியும் என்று பங்கேற்றவர்களையே மதிப்பெண் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். பிறகு படிப்படியாக விளக்கி எழுதச் சொன்னார்கள். எழுதி முடித்தபின் மறுபடி மதிப்பெண் கேட்டால், தாங்களே போட்ட மதிப்பெண்ணைத் தாங்களே குறைத்துக்கொண்டார்கள். அவர்களை யாரும் திருத்தவில்லை. விளக்க முயன்றதே திருத்திவிட்டது.

பவணந்தி முனிவரின் நன்னூலில் இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஆசிரியர் சொன்னதை எவ்வளவு நன்றாக உள்வாங்கினாலும் மாணவருக்குக் கிடைப்பது கால் பங்கு. உடன் படிக்கிறவர்களோடு பழகுவதில் இன்னொரு கால். மீதி இரண்டு காலும், அதாவது பாதி, பிறருக்குச் செம்மையாக எடுத்துரைக்கும்போதுதான் வந்து சேர்கிறது. இது அளந்து பெற்ற விகிதம் அல்ல. ஆனால் பெரும்பங்கை எங்கே வைத்தார் என்பதைப் பாருங்கள்.

அந்த நான்கு அட்டைகளை இன்றைக்கு யாரிடமாவது விளக்கிப் பாருங்கள். 7ஐ ஏன் திருப்ப வேண்டும் என்பதைச் சொல்லிவிடுவீர்கள். 4ஐ ஏன் திருப்ப வேண்டாம் என்று அவர் இரண்டாம் முறை கேட்கும்போதுதான் உங்கள் மீதிப் பாதி தொடங்கும்.